நாற்பத்தைந்தாவது நிமிடத்தில் முடியும் பாட்டு

என் அண்ணனைப் பற்றி நான் பொதுவில் எழுதியது ஒரே ஒரு கட்டுரை. இரண்டாம் நாளே அதை நீக்கிவிட்டேன். அதற்குள் அவன் படித்துவிட்டிருந்தான்.

இங்கே அவன், இவன் என்று எழுதுகிறேன். நேரில் வாங்க, போங்கதான். கைக்குழந்தையிடமே 'பால் குடிங்க சாமி' என்று சொல்கிற ஊர்க்காரர்கள் நாங்கள். ஆனால் மனசுக்குள் அவனோடு சண்டை போடும்போது மரியாதை எல்லாம் ஓடிவிடும், அவன்தான் வரும்.

நாங்கள் இரண்டு பேரும் ஆங்கில ராக், பாப் ஆல்பங்களுக்குத் தமிழில் விமர்சனம் எழுதினோம். சொன்னால் சிரிப்பார்கள். அண்ணன் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரியில் ட்ரில்லர். வருடத்தில் ஒன்பது மாதம் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று ஏதாவது ஒரு பொட்டல்காட்டில் நிற்பான். நான் சேலத்தில் ஒரு பெட்ஷீட் ஏற்றுமதிக் கம்பெனியில் வெளிநாட்டு வியாபாரிகளுக்கு மெயில் எழுதுகிறவள். ஃபேர்லேண்ட்ஸில் வாடகை வீடு. எங்களுக்கும் லண்டனில் எவனோ கிட்டார் அடிப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று என் வீட்டுக்காரரே கேட்டிருக்கிறார். கல்யாணமான புதிதில் கேட்டார், அப்புறம் கேட்கவில்லை.

சம்பந்தம் ஒரு கேசட்டில் ஆரம்பித்தது. அண்ணன் சேலத்தில் ஐ.டி.ஐ. படித்தபோது, பழைய பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு ரெக்கார்டிங் கடை இருந்தது. காலி கேசட் கொடுத்தால் கேட்டதைப் பதிந்து கொடுப்பார்கள். அங்கே வேலை செய்தவருக்கு அண்ணனைப் பிடித்துப்போக, அவர் தன் இஷ்டத்துக்கு ஓர் ஆங்கில ராக் ஆல்பத்தைப் பதிந்து கொடுத்தார். பெரிய பேர் வாங்கிய குழு இல்லை. அதன் அட்டைப்படத்தைக்கூட நாங்கள் பார்த்ததில்லை. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் கேசட்டின் மேல் நீல மையில் அவர் எழுதியிருந்த பெயர்தான்.

அது தொண்ணூறு நிமிடக் கேசட். ஒரு பக்கத்துக்கு நாற்பத்தைந்து நிமிடம், மறுபக்கம் முழுக்க வேறு பாட்டுகள். ஆல்பமோ நாற்பத்தேழு நிமிடம். அதனால் கடைசிப் பாட்டு பாதியில் அறுந்து போகும். நீளமான கிட்டார் ஒன்று ஏறி ஏறி உச்சிக்குப் போய் நிற்கும், பாடகன் மூச்சு இழுத்து ஒரே ஒரு வார்த்தையை எடுப்பான், டக்கென்று நாடா தீர்ந்து பொத்தான் எகிறிவிடும். புதுச்சத்திரத்தில் எங்கள் வீட்டு முன்கூடமான ஆசாரத்தில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா தோட்டத்துக்குப் போனதும், நாங்கள் இருவரும் அதைக் கேட்போம். அண்ணனுக்குப் பதினெட்டு, எனக்குப் பன்னிரண்டு. நடுவில் பாட்டை ஓட்டக் கூடாது. எழுந்து போகக் கூடாது. முக்கியமாக, பாட்டு ஓடும்போது பேசக் கூடாது. பேசினால் தலையில் ஒரு குட்டு விழும். பொத்தான் எகிறிய பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும்.

"அந்தாளு அடுத்து என்ன பாடியிருப்பான் அம்மிணி?" என்று அண்ணன் கேட்பான். நான் ஏதாவது சொல்வேன். ஒவ்வொரு நாளும் வேறு வேறு. அவன் அத்தனையையும் யோசித்துப் பார்த்துவிட்டு, "இல்ல, அப்படி இருக்காது" என்பான். எங்கள் முதல் விமர்சனங்கள் அவைதான்.

பிறகு அவன் ரிக்குக்குப் போனான். எங்கள் பக்கத்தில் படித்தும் படிக்காமலும் பையன்கள் போகிற இடம் அதுதான். நாலைந்து வருடத்தில் ட்ரில்லர் ஆகிவிட்டான். ட்ரில்லர் என்றால் லிவர்களுக்கு முன்னால் நின்றுகொண்டு துளை இறங்குவதைப் பார்த்துக்கொள்கிறவன். உண்மையில் பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை, எல்லாம் மண்ணுக்குக் கீழே நடக்கிறது. காதால்தான் பார்க்க வேண்டும். கல் மாறினால் சத்தம் மாறும், பொத்தலான பாறை வந்தால் சத்தம் மாறும், தண்ணீருக்குப் பக்கத்தில் போனால் சத்தம் வேறாகும். கம்ப்ரஸர் ஓடும் இடத்தில் பத்து நிமிடம் நின்றாலே எனக்குத் தலை வலிக்கும். மற்றவர்கள் பனியன் துணியைச் சுருட்டிக் காதில் அடைத்துக்கொள்வார்கள். அண்ணன் மட்டும் அடைக்க மாட்டான்.

"காத அடச்சுப்போட்டா கல்லு மாறுறது எப்படித் தெரியும்?" என்பான். முதலாளிக்கு இது பெருமை. 'அவன் காதுக்குத்தான் சம்பளம்' என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். எங்களுக்கும் பெருமைதான். அப்போது ஒருவரும் வேறு மாதிரி யோசிக்கவில்லை. நான் உட்பட.

இணையதளம் தொடங்கியது என் யோசனை. மாதத்துக்குப் புது ஆல்பம் ஒன்று, பழையது ஒன்று. இருவரும் தனித்தனியாகக் கேட்டு எழுத வேண்டும். முழுவதும் கேட்காமல் ஒரு வரி எழுதக் கூடாது என்பது சட்டம். அவன் வேலை முடிந்து லாரிக்கு அடியில் படுத்துக்கொண்டு ஃபோனில் பேசிப் பதிந்து அனுப்புவான், நான் தட்டச்சு செய்வேன். நட்சத்திரம், மார்க்கு எல்லாம் அவனுக்குப் பிடிக்காது. 'அடி' கணக்குத்தான். "இருநூறு அடியில தண்ணி" என்றால் முதல் தடவை கேட்டவுடனே பிடித்துப்போகும். "எழுநூறு அடி, ஆனா வத்தாது" என்றால் பத்துத் தடவை கேட்க வேண்டும், பிறகு ஆயுசுக்கும் விடாது. "ஆயிரம் அடி போட்டும் பொகதான்" என்றால் வெறும் புழுதி, கதை முடிந்தது. படிக்கிறவர்கள் சில நூறு பேர் இருப்பார்கள். என் பக்கம் பக்கமான எழுத்தைத் தாண்டிப் போய் அவனுடைய நாலு வரியைத்தான் முதலில் படித்தார்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அவனுக்கு அப்படி ஒரு காது. ஒரு பெண் பியானோ வாசித்துப் பாடிய பாப் ஆல்பத்தைப் பற்றி, "மூணாவது பாட்டுல அந்தப் புள்ள நாற்காலிய நகத்தற சத்தம் கேக்குது, அத எடுக்காம உட்டிருக்காங்க பாரு, அதுக்கே அம்பது அடி கொறச்சுக்கலாம்" என்று அனுப்பினான். நான் ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு நாலு தடவை கேட்டுத்தான் அந்த நாற்காலியைக் கண்டுபிடித்தேன்.

எப்போது மாறியது என்று இன்று என்னால் சொல்ல முடியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அவனுக்குப் புது ஆல்பங்கள் எதுவுமே பிடிக்காமல் போயின. எது வந்தாலும் புகை. பழையவை என்றால் எல்லாமே தண்ணீர். பழையவற்றைப் பற்றி அவன் பேசியதில் பழைய ருசி இருந்தது. புதியவற்றுக்கு இரண்டு வரி, அதுவும் தாளத்தைப் பற்றி மட்டும். பேசிப் பதிந்து அனுப்புவதையும் நிறுத்திவிட்டு, எழுத்தில் அனுப்ப ஆரம்பித்தான். நான் கூப்பிட்டால் எடுக்க மாட்டான். 'டவர் இல்ல அம்மிணி' என்று பிறகு ஒரு குறுஞ்செய்தி வரும். ஊருக்கு வந்தால் சத்தம் போட்டுப் பேசினான். அதை நாங்கள் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. ரிக்குக்காரர்கள் வீட்டில் எல்லாரும் கத்தித்தான் பேசுவோம். பக்கத்து ஊரில் பெண் எடுத்தால்கூட, 'அவங்க ரிக்குக்காரங்க, சண்ட போடறாங்கன்னு நெனச்சுக்காதீங்க' என்று முன்கூட்டியே சொல்லி வைக்கிற வழக்கம் உண்டு.

வாசகர்கள் கேலி செய்யத் தொடங்கினார்கள். அண்ணனுக்கு வயசாகிவிட்டது, இனி அவரிடம் கிராமஃபோனைக் கொடுங்கள் என்றெல்லாம் எழுதினார்கள். நான் மறுத்து எழுதவில்லை. நானும் சேர்ந்து சிரித்தேன்.

சின்ன வயதுப் பெண் ஒருத்தியின் முதல் ஆல்பம் வந்தது. முழுக்கக் கிசுகிசுப்பான குரல், காதோடு ரகசியம் சொல்வதுபோல. நான் அதில் அப்படியே விழுந்துபோனேன். ஆபீஸ் போகும் பஸ்ஸில் கேட்டு அழுதிருக்கிறேன். அண்ணனிடமிருந்து வந்தது ஒரே வரி: 'இதுல யாருமே பாடலயே அம்மிணி.' எனக்குச் சுர்ரென்று ஏறியது. சரி, தொலையட்டும் என்று அதையும் அப்படியே பதிப்பித்தேன்.

அடுத்த மாதம்தான் அது நடந்தது. எங்கள் கேசட்டில் இருந்த ஆல்பம், ஒலி சுத்தம் செய்யப்பட்டுப் புதிய பதிப்பாக வெளியானது. அதுவரை இணையத்தில்கூட அது கிடைக்கவில்லை. நாங்கள் எத்தனையோ தடவை தேடியிருக்கிறோம். கடைசிப் பாட்டின் கடைசி இரண்டு நிமிடத்தை முப்பது வருடத்துக்குப் பிறகு, சமையலறையில் நின்றுகொண்டு, நான் முதன்முதலாகக் கேட்டேன். அந்த ஆள் அந்த வார்த்தைக்கு அடுத்து என்ன பாடுகிறான் என்று தெரிந்துகொண்டேன். உடனே அண்ணனுக்கு அனுப்பினேன். வேறு ஒன்றும் எழுதவில்லை, 'கேளுங்கண்ணா' என்று மட்டும் போட்டேன். அவன் என்ன சொல்வான் என்று அந்த வாரம் முழுக்கக் காத்திருந்தேன். மெயில் எழுதும்போதும் அதே நினைப்பு, தோசை ஊற்றும்போதும் அதே நினைப்பு.

அவனுடைய விமர்சனம் வந்தது. நீளமாக, அழகாக எழுதியிருந்தான். முதல் பாட்டின் தொடக்கத்தில் டிரம்ஸ்காரன் குச்சியால் தட்டும் நாலு தட்டிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு பாட்டாக. கடைசியில் இப்படி முடித்திருந்தான்: 'அந்த ஒரு வார்த்தையோட அறுந்து போகுது பாரு, உலகத்துல எந்தப் பாட்டும் அப்படி முடியல.'

அவன் கேட்கவே இல்லை. ஒரு வாரம் காத்திருந்த எனக்காக, அந்த இரண்டு நிமிடத்தைக்கூட அவன் கேட்கவில்லை. பழைய ஞாபகத்தை வைத்து ஒப்பேற்றியிருக்கிறான். எனக்கு வாய் நீளம், கோபம் வந்தால் விரல் அதைவிட நீளம். அன்றே உட்கார்ந்து எழுதினேன். 'கேட்காமல் எழுதுகிறவர்' என்று தலைப்பு. புதிதாக எதையும் கேட்கும் தைரியம் போய்விட்டவர், தன் இருபது வயதுக்குள்ளேயே குடியிருப்பவர், பாறைக்குச் செவி கொடுப்பவர் மனிதக் குரலுக்குக் கொடுப்பதில்லை என்றெல்லாம் எழுதினேன். அந்தக் கடைசி வாக்கியத்தை எழுதிவிட்டு என்னை நானே மெச்சிக்கொண்டது நினைவிருக்கிறது. இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

மறுநாள் அவனிடமிருந்து செய்தி வந்தது. 'நீ சொல்றது நெசந்தான் சாமி. நான் கேக்கல.'

அவ்வளவுதான். ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது, ஆனாலும் அதைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். மாலையில் கட்டுரையை நீக்கினேன். அவனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அவனே கூப்பிடட்டும் என்று இருந்தேன். அவன் கூப்பிடவில்லை, விமர்சனமும் அனுப்பவில்லை. தளத்தில் நான் மட்டும் எழுதிக்கொண்டிருந்தேன். அப்படியே ஏழெட்டு மாதம் ஓடிவிட்டது.

ஒரு நாள் அண்ணி கூப்பிட்டார். "உங்க அண்ணன் ஊட்டுக்கு வந்துட்டாருங்க. இனிமே போகமாட்டாரு" என்றார். கல் மாறியது தெரியாமல் அழுத்தி, துளைக்குள் இறங்கிக் கல்லை உடைக்கும் சுத்தியல் அங்கேயே சிக்கிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் நின்றவர்கள் கத்தியிருக்கிறார்கள், அவன் திரும்பவே இல்லை. முதலாளி ரயில் ஏற்றி அனுப்பிவிட்டார். "காது நாலஞ்சு வருசமாவே இல்லீங்க. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கியிருந்தாரு" என்று அண்ணி அழுதார். நான் ஆபீஸ் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

சேலத்தில் காது டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன். கண்ணாடி அறைக்குள் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு அண்ணன் உட்கார்ந்திருந்தான். சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும். எத்தனையோ ஆல்பங்களை ஹெட்ஃபோனில் கேட்ட ஆள், பரீட்சை எழுதுகிற பிள்ளையைப் போல உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். கை எழவே இல்லை. ரொம்ப நேரம் கழித்து ஒரு தடவை எழுந்தது. அப்போது சத்தம் எதுவும் கொடுக்கவில்லை என்று பரிசோதித்த பெண் பிறகு என்னிடம் சொன்னார்.

அவர் தாளில் கோடு வரைந்து விளக்கினார். இயந்திரச் சத்தத்தில் முதலில் போவது மெல்லிய, கீச்சென்ற சத்தங்கள். கிசுகிசுப்பு, பெண் குரல், டிரம்ஸில் அடிக்கும் பித்தளைத் தட்டு. கனத்த சத்தங்கள் கொஞ்ச காலம் தாங்கும், பிறகு அவையும் போகும். அவர் சொல்லச் சொல்ல எனக்கு எங்கள் தளத்தின் பக்கங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. 'இதுல யாருமே பாடலயே அம்மிணி.' அவன் குறை சொல்லவில்லை. தனக்குக் கேட்டதைத்தான் எழுதியிருக்கிறான்.

திரும்பும் வழியில், காரை ஓரமாக நிறுத்திவிட்டு, ஃபோனில் எழுதிக் காட்டினேன்: 'எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?'

அண்ணன் படித்துவிட்டு, வழக்கம்போலச் சத்தமாகச் சொன்னான். "காது போச்சுன்னா ரிக்குல நிக்க உடமாட்டானுங்க. அதுகூடப் பரவால்ல. பாட்டும் இல்லீன்னா நீ எனக்கு எதுக்கு ஃபோன் பண்ணப் போற? வேற என்ன இருக்குது நாம பேச?"

நான் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். அவன் என் முதுகில் தட்டிக்கொடுத்தான். அந்தக் கட்டுரையைப் பற்றி அவன் ஒரு வார்த்தை எடுக்கவில்லை. எடுத்துத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுச்சத்திரம் போனேன். மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும், எழுதிக் காட்டாமல் வாயால் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். புது ஸ்பீக்கர் ஒன்றும் வாங்கிப்போனேன், பெரியது. டாக்டர் கொடுத்த காதுக்கருவி டப்பாவுக்குள்ளேயே கிடந்தது. "போட்டா நூறு காக்கா கத்தற மாதிரி இருக்குது" என்று அண்ணன் சொன்னான். மதியம் சாப்பிட்டு முடித்தோம். அண்ணி பாத்திரம் கழுவப் பின்பக்கம் போனார். பழைய ஆசாரத்தில்தான் உட்கார்ந்தோம்.

ஸ்பீக்கரைப் பார்த்ததும் அவனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "நம்மளுத போடு" என்றான்.

போட்டேன். பொத்தானை நான் அழுத்துவதை அவன் பார்த்தான். பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டான். அவன் விரல்கள் நாற்காலிக் கையில் நாலு தட்டுத் தட்டின.

ஸ்பீக்கரிலிருந்து சத்தம் வரவில்லை.

என் கைப்பையில் கிடந்த ப்ளூடூத் இயர்ஃபோனோடு ஃபோன் இணைந்திருந்தது. பாட்டு பைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அதை நான் கண்டுபிடிப்பதற்குள் அண்ணன் முதல் பாட்டுக்குள் போய்விட்டான். வலது கை தாளம் போட்டது, இடது கை கிட்டாருக்கு அசைந்தது, பல்லவி வந்தபோது வாய் முணுமுணுத்தது. இணைப்பை மாற்றப் போன நான் நிறுத்திக்கொண்டேன். பையிலிருந்து ஒரு இயர்ஃபோனை எடுத்து என் காதில் வைத்துப் பார்த்தேன். அவன் விரலும் பாட்டும் ஒன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தன. ஒரு தட்டு முன்னே பின்னே இல்லை.

இயர்ஃபோனைக் கழற்றிப் பைக்குள் போட்டேன். பின்பக்கம் பாத்திரம் கழுவும் சத்தமும், தூரத்தில் நெடுஞ்சாலையில் லாரி போகும் சத்தமும் மட்டும் இருந்தன. அந்த அமைதியில் அவனோடு உட்கார்ந்திருந்தேன். ஐந்தாவது பாட்டோ ஆறாவது பாட்டோ, அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். என்னால் தாங்க முடியவில்லை. "என்ன மன்னிச்சுருங்ணா" என்று சொல்லிவிட்டேன். "தெரியாம எழுதிப்போட்டேன். எனக்குத் தெரியாதுங்ணா."

அண்ணன் அந்த நேரம் பார்த்துக் கண்ணைத் திறந்தான். என் உதடு அசைவதைப் பார்த்துவிட்டான். கையை ஓங்கித் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தான்.

"பாட்டு ஓடறப்பப் பேசாத அம்மிணி."

வாயை மூடிக்கொண்டேன். அவன் திரும்பவும் கண்ணை மூடினான். கடைசிப் பாட்டு வந்தது. அவன் கை ஏறி ஏறி மேலே போனது, அந்தரத்தில் நின்றது, மூச்சு இழுத்து அந்த ஒரு வார்த்தைக்கு வாயைத் திறந்தான். டக்கென்று கை கீழே விழுந்தது. கண்ணைத் திறந்தான். ஃபோனில் இன்னும் இரண்டு நிமிடம் மிச்சம் ஓடிக்கொண்டிருந்தது. நான் அதைக் கவிழ்த்து வைத்தேன்.

"இப்பச் சொல்லு. என்னமோ சொல்ல வந்தயே?" என்று என் வாயையே பார்த்தான்.

வழியெல்லாம் சொல்லிப் பார்த்தது ஒன்றும் வரவில்லை. "ஸ்பீக்கர் எப்படி இருக்குதுன்னு கேட்டேங்ணா" என்றேன், அவனுக்குப் புரியும்படி மெதுவாக.

"அருமை" என்றான் அண்ணன். "சத்தந்தான் கொஞ்சம் சாஸ்தியா வெச்சுட்ட."